பல ஊர்வன வாழும் வீட்டில் சிற்றுண்ணியை ஆபத்தின்றி ஒழிப்பது எப்படி?

கேள்வி: உவர்மலைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். உயர்தரம் படிக்கும் என் இளைய மகன், உரிய ஆவணங்களோடு வாங்கிய வெளிநாட்டு ஊர்வன சிலவற்றை நான்கு ஆண்டுகளாக வீட்டின் பின்னறையில் வளர்த்து வருகிறான். ஒரு பந்து மலைப்பாம்பு, இரண்டு சிறுத்தைப் பல்லிகள், ஒரு பச்சை இகுவானா, தண்ணீர்த் தொட்டியில் ஒரு செங்காது ஆமை ஆகியன அங்கே இருந்தன. கடந்த ஐப்பசியில் கொழும்பிலிருந்து இன்னொரு பந்து மலைப்பாம்புக் குட்டி வந்தது. அது நோயற்றது என்று விற்றவர் உறுதி கூறியதால், மூன்று நாள் மட்டும் தனியே வைத்திருந்துவிட்டு, பழைய பாம்பின் பெட்டி இருந்த அதே அடுக்கில் அதையும் வைத்துவிட்டோம்.

இரண்டு வாரங்களாக அந்தக் குட்டி பகல் முழுவதும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. இப்போது பழைய பாம்பும் அப்படியே செய்கிறது. இரண்டின் கண்களைச் சுற்றியும் தாடையின் கீழுள்ள மடிப்பிலும் கடுகைவிடச் சிறிய கறுத்த புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போல ஏதோ படிந்திருக்கிறது. உடம்பின்மேல் சாம்பல் தூசி போன்ற வெள்ளைத் துகள்களும் தெரிகின்றன. வழமையாக ஒரே துண்டாகச் சட்டை உரிக்கும் பெரிய பாம்பு, இம்முறை துண்டு துண்டாகவே உரித்தது. மகனின் முன்கையிலும் சிவந்த தடிப்புகள் எழுந்துள்ளன.

விற்றவரைத் தொலைபேசியில் கேட்டபோது, மாடுகளுக்குப் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் ஊசியை வாங்கி, ஆமை உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஏற்றிவிடுமாறு கூறினார். அயலவர் ஒருவர் புகையிலைத் தண்ணீரால் கழுவச் சொல்கிறார். இன்னொருவர் கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து நீர் கொண்டுவந்து குளிப்பாட்டச் சொல்கிறார். எனக்கு எதிலும் துணிவு வரவில்லை. வீட்டில் ஒரு பூனையும், விறாந்தையில் மீன்தொட்டியும் உண்டு. பிரசவத்துக்காக வந்த மூத்த மகளும் எட்டு மாதப் பேரக்குழந்தையும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள். பின்னறைக்கு வெளியே பத்தடி தூரத்தில் குடிநீர்க் கிணறு இருக்கிறது. வாடைக்கால மழை விடாமல் பெய்வதால் எதையும் வெயிலில் காயவைக்கவும் வழியில்லை.

எல்லா உயிர்களுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கலாமா? அறையை எவ்வாறு சுத்தம் செய்வது? அனுபவமுள்ளவர்கள் ஆறுதலாக விளக்கினால் மிகுந்த நன்றியுடையவளாவேன்.

பதில் 1: சீனக்குடா வாசி

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஊசியை ஆமைக்கு ஒருபோதும் ஏற்ற வேண்டாம். ஐவர்மெக்டின் ஆமை இனங்களுக்கு நஞ்சு. இதைப் பற்றி மருத்துவம் தெரிந்த எவராவது கீழே விரிவாக எழுதுவார்கள் என்று நம்புகிறேன். நான் அறையைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே தொல்லையில் மூன்று மாதம் போராடியபோது நான் செய்த பிழை, பாம்புக்கு மட்டும் மருந்து பார்த்துவிட்டு அறையை மறந்ததுதான்.

நீங்கள் விவரிக்கும் அடையாளங்கள் யாவும், பாம்பின் இரத்தத்தைக் குடித்து வாழும் மிகச் சிறிய உயிரான பாம்புச் சிற்றுண்ணிக்கே உரியவை. இதன் வாழ்க்கை ஐந்து நிலைகளில் நடக்கிறது: முட்டை, ஆறு கால்களுள்ள குடம்பி, முதல் இளநிலை, இரண்டாம் இளநிலை, முதிர்நிலை. இவற்றுள் முதல் இளநிலையும் முதிர்நிலையும் மட்டுமே இரத்தம் குடிக்கின்றன. வயிறு நிறையக் குடித்த பெண் சிற்றுண்ணி பாம்பின்மேல் தங்கியிருந்து முட்டையிடுவதில்லை. இறங்கிச் சென்று, இருளும் ஈரமும் உள்ள இடுக்கைத் தேடி, அங்கேதான் முட்டையிடுகிறது. தன் வாழ்நாளில் அறுபது, எண்பது முட்டைகள் வரை இடக்கூடியது. ஆண் துணை இல்லாவிட்டாலும் அது முட்டையிடும். அவற்றிலிருந்து ஆண்கள் பொரிக்கும். ஆகையால் பெட்டியின் மூடி விளிம்பில் தப்பிப் பிழைத்த ஒரேயொரு பெண் போதும், எல்லாம் மறுபடி தொடங்கிவிடும். 1953 இல் கெமின் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த உயிரின் நடத்தையை விரிவாகப் பதிவு செய்தார். இன்றும் வளர்ப்பவர்கள் சொல்லும் பல செய்திகளுக்கு அவருடைய ஆய்வே அடிப்படை.

நம் ஊர் வெப்பத்தில் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும்; முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை இரண்டு முதல் மூன்று வாரம் போதும். முதிர்ந்தவை ஏறத்தாழ நாற்பது நாள் வரை வாழ்கின்றன. பசித்த இளநிலைகளும் இரத்தம் கிடைக்காமலே சில வாரம் தாக்குப்பிடிக்கின்றன. எனவே பாம்பின்மேல் ஒன்றும் தெரியவில்லை என்று பத்தாம் நாளில் கைவிடுவது வீண். கடைசிச் சிற்றுண்ணியைக் கண்ட நாளிலிருந்து குறைந்தது ஆறு வாரம் இதே ஒழுங்கைத் தொடர வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெட்டிகளில் உள்ள தும்புச்சோறு, மரப்பட்டை, அட்டைக் குகை ஆகியவற்றையெல்லாம் இன்றே பையில் இறுகக் கட்டி வெளியேற்றுங்கள். தரையில் வெள்ளைக் காகிதம் மட்டும் விரியுங்கள். வெள்ளையின்மேல் கறுத்த புள்ளி நகர்வது உடனே தெரியும். அதை ஒவ்வொரு நாளும் மாற்றி, கழித்த காகிதத்தை அறைக்குள்ளேயே பையில் கட்டிய பின்னரே வெளியே எடுத்துச் செல்லுங்கள். ஒளிந்துகொள்ள இடமில்லாவிட்டால் பந்து மலைப்பாம்பு மிகவும் கலங்கும், ஆகவே குகையை அடியோடு நீக்கக் கூடாது. நான் தயிர்ச் சட்டியின் விளிம்பில் ஒரு வாசலை உடைத்துக் கவிழ்த்து வைத்தேன். மண் சட்டியில் நுண்துளைகள் உண்டு என்றாலும், கொதிநீரில் போட்டு எடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. பழசாகிவிட்டால் எறிவதிலும் நட்டமில்லை.

வெயில் இல்லை என்று வருந்த வேண்டாம். 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சிற்றுண்ணியும் அதன் முட்டையும் விரைவில் மடிந்துவிடும். கேத்தலில் கொதிக்கவைத்த தண்ணீர் அதற்குத் தாராளமாகப் போதும். பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, வெற்றுப் பெட்டியின் மூலைகள், மூடியின் உட்பள்ளம், காற்றுத் துளைகள், வெப்ப விரிப்பின் கம்பி நுழையும் இடம் ஆகியவற்றில் கவனமாக ஊற்றுங்கள் (மின்னிணைப்பைக் கழற்றிய பின்னர்). துணிகளையும் கொதிநீரில் ஊறவையுங்கள். வெளிறச்செய்யும் குளோரின் திரவம் கிருமிகளுக்கு நல்லது, ஆனால் முட்டைகளுக்கு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அதைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலந்துவிடவும் கூடாது. நச்சு வாயு எழும். பீனோல் கலந்த கிருமிநாசினிகளை ஊர்வன இருக்கும் அறையிலேயே பாவிக்காதீர்கள்.

அடுக்கின் கால்களுக்கு நம் வீட்டுப் பழைய வழியே சிறந்தது. பலகார அலுமாரிக்கு எறும்பு ஏறாமல் நான்கு கால்களின் கீழும் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமல்லவா? அதே போல் வைத்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்துவிடுங்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால் சிற்றுண்ணி மிதக்காமல் மூழ்கும். நுளம்பு பெருகாதிருக்க இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்ற மறவாதீர்கள். அடுக்கைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் கிண்ணம் வைத்தும் பயனில்லை. பசித்த சிற்றுண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு, ஆதலால் மூடியின் உள்விளிம்பைச் சுற்றி வாசலின் (Vaseline) களிம்பை மெல்லியதாகப் பூசினால் பல அதில் ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2: பல்லிகளின் நண்பன், பாலையூற்று

அக்கா, மேலே உள்ளவர் சரியாகவே சொன்னார். சிறுத்தைப் பல்லிகளைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

எல்லாச் சிற்றுண்ணியும் ஒன்றல்ல. நம் வீட்டுச் சுவர்ப் பல்லியை உற்றுப் பார்த்தால், விரல்களுக்கிடையிலும் காலின் மடிப்பிலும் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவை பல்லிகளையே சார்ந்து வாழும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. பாம்பின் கறுத்த சிற்றுண்ணியைப் போல ஓடித்திரியாமல், பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கும். இகுவானாவின் செதிலிடுக்கிலும் சிவந்த வகையொன்று வருவதுண்டு. ஆகவே ஒவ்வொரு உயிரின்மேலும் இருப்பது கறுப்பா, சிவப்பா, ஓடுகிறதா, ஒட்டியிருக்கிறதா என்று குறித்து வையுங்கள். ஒளிபுகும் ஒட்டுநாடாவில் இரண்டு மூன்றைப் பிடித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, எந்த உயிரிலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்தால் வைத்தியர் உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தும்புச்சோறு ஈரமாக இருந்தால் அதில் வெளிறிய நிறத்தில் மெதுவாக ஊரும் வேறு சிற்றுண்ணிகளும் பெருகும். அவை அழுகல் தின்பவை, இரத்தம் குடிப்பதில்லை. அவற்றைக் கண்டு பயந்து பல்லிக்கு நஞ்சு பூசிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்தப் பல்லி பிழைக்கவில்லை. சிறுத்தைப் பல்லியின் தோல் மிக மெல்லியது, நாவால் தன் முகத்தையும் கண்ணையும் நக்கிக்கொள்ளும் பழக்கமும் அதற்கு உண்டு. தோலில் பூசுவதெல்லாம் வாய்க்குள் போகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். மழைக்கு வளவுக்குள் வரும் சாரைப்பாம்பு போன்றவற்றைத் தம்பி கையால் பிடித்துத் தூர விடும் பழக்கம் உள்ளவரா? காட்டுப் பாம்புகளின்மேல் உண்ணியும் சிற்றுண்ணியும் இருக்கலாம். அதே கையோடு பின்னறைக்குள் போனால் அவையும் உள்ளே வரும். நம் நாட்டு ஊர்வனவற்றைப் பிடித்து வைத்திருப்பது 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சிக்கவைக்கும் என்பதையும் இளம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

பதில் 3: கால்நடை வைத்தியர்

வணக்கம். நான் கிழக்கு மாகாணத்தில் பணியாற்றும் கால்நடை வைத்தியர். உங்கள் விலங்குகளை நேரில் பார்க்காமல் மருந்து எழுதித் தர முடியாது. எனினும் சில ஆபத்துகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

ஐவர்மெக்டின் சிறு உயிர்களின் நரம்புகளில் உள்ள குளோரைட்டு வாயில்களைத் திறந்துவைத்து, அவற்றை முடக்கிக் கொல்கிறது. பெரும்பாலான விலங்குகளில் இந்த மருந்து மூளைக்குள் நுழையாதவாறு ஓர் இயற்கைத் தடுப்பு காக்கிறது. ஆமைகளில் அந்தக் காவல் போதுமானதாக இல்லை. மருந்து மூளையைச் சென்றடைந்து, கால்கள் தளர்ந்து, மூச்சுத் தசைகள் நின்று, ஆமை இறக்கிறது. இதை அமெரிக்காவில் 1983 இல் வெளியான ஆய்வு ஒன்றே காட்டிவிட்டது. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தண்ணீரில் வாழும் ஆமைக்குப் பாம்புச் சிற்றுண்ணியால் பெரிய தொல்லை வருவதும் இல்லை. ஆகவே உங்கள் ஆமைக்கு எந்த மருந்தும் வேண்டாம்; அதன் தொட்டியை அந்த அறையிலிருந்து வெளியேற்றுங்கள், அதுவே போதும்.

பாம்புகளுக்கும் பல்லி இனங்கள் சிலவற்றுக்கும் ஐவர்மெக்டின் வைத்தியரால் கொடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் அளவைக் கவனியுங்கள். வழமையாகச் சொல்லப்படும் அளவு ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு 0.2 மில்லிகிராம். மாட்டுக்கான 1 வீத மருந்தில், ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் உள்ளது. உங்கள் பெரிய பாம்பு 1.4 கிலோ என்று வைத்துக்கொண்டால் அதற்குரியது 0.028 மில்லிலீற்றர்; 400 கிராம் குட்டிக்கு 0.008 மில்லிலீற்றர். சாதாரண ஊசிக் குழாயில் இதை அளக்கவே முடியாது. கை சற்றுத் தவறினால் பத்து மடங்கு போய்விடும். முறையாக ஐதாக்கி, நிறை பார்த்து, உடம்பில் நீர்ச்சத்துக் குறைவில்லை என்று உறுதிசெய்த பின்னரே கொடுக்க வேண்டிய மருந்து இது. ஓணான், அரணை வகைகளிலும் சிலவற்றுக்கு இது ஒவ்வாது. இவற்றையெல்லாம் அறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று சொல்வது மிகப் பொறுப்பற்ற அறிவுரை.

பிப்ரோனில் தெளிப்பு மருந்தையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது நாய், பூனைகளுக்கென உருவானது. ஊர்வனவற்றில் வைத்தியரின் பொறுப்பில் மட்டுமே பயன்படும். நேரே தெளிக்காமல், துணியில் எடுத்து, மதுசாரம் ஆவியான பிறகு மெல்லத் துடைப்பதே வழக்கம். தலைப்பகுதியைத் தவிர்க்க வேண்டும், அன்றைய தினம் தண்ணீர்க் கிண்ணம் உள்ளே இருக்கக் கூடாது. உங்கள் சிறுத்தைப் பல்லிகளுக்கு நான் இதை விரும்பமாட்டேன்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, வெற்றுப் பெட்டிக்குத் தெளித்து, நன்றாகக் காய்ந்து காற்றோடிய பின் விலங்கை விடும் முறையில் வெளிநாடுகளில் பயனளித்துள்ளது. ஆனால் உங்கள் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன். பூனையின் கல்லீரலால் பெர்மெத்ரினைச் சிதைக்க இயலாது. வலிப்பு வந்து இறக்கக்கூடும். மீன்களுக்கோ அது மிக நுண்ணிய அளவிலும் கொடிய நஞ்சு. மீன்தொட்டியின் காற்றுப் பம்பு அறையின் ஆவியை உள்ளிழுத்துத் தண்ணீரில் கலந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு பெட்டி முழுதாகக் காய்வதும் கடினம். கரப்பான் பூச்சித் தெளிப்பான், நுளம்புச்சுருள், பூச்சி உருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம். முன்னொரு காலத்தில் டைக்குளோர்வொஸ் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றிய பட்டைகளைப் பெட்டிக்குள் தொங்கவிட்டார்கள். அதனால் நரம்பு பாதிக்கப்பட்ட பாம்புகள் பல. அதையும் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

புகையிலைத் தண்ணீரில் உள்ள நிக்கொட்டின் தோல் வழியே உடம்பில் ஏறும். பாம்புக்கும், அதைக் கழுவுகின்ற கைக்கும் தீங்கு. கன்னியாவின் ஏழு கிணறுகளில் சில 40 பாகையை அண்டிய வெப்பமுடையவை. அந்த வெப்பம் சிற்றுண்ணியை உடனே கொல்லப் போதாது, பாம்பைத் துன்புறுத்தப் போதும்.

இப்போது வீட்டில் நீங்களே செய்யக்கூடியது நீராட்டுதல். 28 முதல் 30 பாகை வரையிலான இளஞ்சூட்டு நீரை, பாம்பின் உடல் உயரத்தில் பாதியளவு ஊற்றி, இருபது முதல் முப்பது நிமிடம் வைத்திருங்கள்; ஒரு நொடியும் விட்டு நகரக் கூடாது. மூழ்காதவை தலையை நோக்கி ஏறும். அவற்றை ஈரப் பஞ்சுக் குச்சியால் கண் விளிம்பு, தாடை மடிப்பு, உதட்டுக் குழிகள் ஆகிய இடங்களிலிருந்து துடைத்தெடுத்து, சவர்க்கார நீரில் போடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் சிற்றுண்ணித் தொல்லை வெகுவாகக் குறையும். முட்டையிடப் போகும் பெண்களின் எண்ணிக்கை குறைவதே இதில் பெரிய ஆதாயம்.

குட்டியின் வாயை மெதுவாகத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். வழமையான இளஞ்சிவப்பு மாறி வெளிறியிருந்தால் இரத்தச்சோகை. காத்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். இந்தச் சிற்றுண்ணிகள் ஏரோமோனாஸ் என்ற பக்டீரியாவைப் பாம்பிலிருந்து பாம்புக்குக் கடத்தக்கூடியவை. வாயில் சீழ் போன்ற திரட்டு, மூச்சில் சத்தம், தலையை நிமிர்த்திப் பிடிக்க முடியாமை ஆகியவற்றையும் பாருங்கள். அருகில் ஊர்வன வைத்தியம் தெரிந்தவர் இல்லையென்றால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தோடு இணைந்த போதனா வைத்தியசாலை உண்டு. ஹபரணை, தம்புள்ளை வழியாக நீண்ட பயணம்தான். துணிப்பையில் இட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, குளிரூட்டியின் காற்று நேரே படாமல் கொண்டு செல்லலாம்.

குழந்தையைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தச் சிற்றுண்ணி மனிதரில் வாழ்ந்து பெருகுவதில்லை. ஆனால் கடித்துத் தடிப்பை உண்டாக்கும். மகனின் கையில் இருப்பது அதுவாக இருக்கலாம். அதைவிட முக்கியமானது சல்மொனெல்லா: ஊர்வனவற்றின் குடலில் நோயின்றியே வாழும் இந்தப் பக்டீரியா ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கும். குழந்தை அந்த அறைக்குள் வரவே கூடாது. கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. மகன் வேலை முடிந்ததும் உடைமாற்றி, சவர்க்காரமிட்டு முழங்கை வரை கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும்.

உவர்மலைத் தாய்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வைத்தியர் ஐயா எழுதியதை மகன் அச்செடுத்து அறைக் கதவில் ஒட்டியிருக்கிறான். வாங்கி வைத்திருந்த மருந்துக் குப்பியைத் திறக்காமலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டோம். பாம்பு பிடிக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தது உண்மை. இனி அதைச் செய்யமாட்டான்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. பெட்டி கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது? இகுவானாவின்மேல் ஒன்றும் தென்படவில்லை. அதையும் தினமும் நீராட்ட வேண்டுமா?

பதில் 4: சீனக்குடா வாசி

தண்ணீரைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு மிகுந்த நிம்மதி தருகிறது அம்மா. நம் கரையோர மணல் நிலத்தில் மேலே ஊற்றுவது வெகுவிரைவாகக் கீழிறங்கிக் கிணற்று நீரோடு கலக்கும். கொதிநீர் மட்டும் என்றால் கேடில்லை. ஆயினும் கழிவும் கிருமியும் கலந்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல், மலசலகூடக் குழிக்குப் போகும் வழியில் ஊற்றுங்கள். பூச்சிமருந்து கலந்த தண்ணீரை வளவின் எந்த மூலையிலும் ஊற்றக் கூடாது. உவர்மலையில் ஒரு வளவின் கிணறு பல வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதுண்டு.

இகுவானா மரத்தில் வாழும் உயிர், தண்ணீரை விரும்பும். வாரத்தில் இரண்டு நாள் இளஞ்சூட்டு நீரில் விட்டால் போதும். முக்கியமானது வேலையின் ஒழுங்கு. நோய் தெரியாதவற்றை முதலில் கவனியுங்கள்: ஆமை, பல்லிகள், இகுவானா, பிறகு பெரிய பாம்பு, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் குட்டி. முடிந்ததும் திரும்பிப் போய் வேறெதையும் தொடக் கூடாது. பஞ்சு, துணி, கவ்வி எதையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டியை வேறோர் அறைக்கு மாற்ற முடியுமானால் இன்றே மாற்றுங்கள். இனி எப்போது புதிய உயிர் வாங்கினாலும், விற்பவர் என்ன சொன்னாலும், தொண்ணூறு நாள் தனியறை. அந்த நாட்களை ஏற்க மனமில்லாதவர்கள் இரண்டாவது உயிரை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கொப்பியில் திகதியிட்டு, காகிதத்தில் எத்தனை, கிண்ணத்தில் எத்தனை என்று எழுதிவரச் சொல்லுங்கள். இடையில் எண்ணிக்கை ஒருமுறை கூடும். அது பொரித்த புதிய தலைமுறை. அப்போது மனம் தளர்ந்துதான் பலர் கடும் நஞ்சைத் தேடிப் போகிறார்கள்.

உவர்மலைத் தாய் (ஏழு வாரங்களின் பின்)

தைப்பொங்கல் வேலைகளுக்கிடையில் இதை எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

குட்டியின் வாயின் உட்புறம் வெளிறியிருந்ததால் அதைப் பேராதனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே நிறை பார்த்து, நீர்ச்சத்து ஏற்றி, ஐதாக்கிய மருந்தை அவர்களே செலுத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது முறையும் போய்வந்தோம். பெரிய பாம்புக்கு நீராட்டலும் துடைத்தலும் காகிதமும் கொதிநீருமே போதும் என்று கூறிவிட்டார்கள். பல்லிகளுக்கும் இகுவானாவுக்கும் ஆமைக்கும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஆமைத் தொட்டி இப்போது முன்விறாந்தையில் இருக்கிறது.

மகனின் கொப்பியில் முதல் நாள் 112 என்று எழுதியிருக்கிறான். பத்தாம் நாள் 9. பதினேழாம் நாள் திடீரென்று 41 ஆனது. அன்று இரவு அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். நீங்கள் முன்கூட்டியே எழுதியிருந்ததை எடுத்து வாசித்துக் காட்டிய பிறகே எழுந்து அடுக்கின் மூலைகளைத் தேடினான். வெப்ப விரிப்பின் ஓரத்தை ஒட்டியிருந்த நாடாவுக்கு அடியில் ஒரு கூட்டமே இருந்தது. அந்த நாடாவை நாங்கள் யாரும் நினைக்கவேயில்லை. இதை வாசிப்பவர்கள் முதலில் அங்கே பாருங்கள். கடைசிச் சிற்றுண்ணியைக் கண்டது மார்கழி முதல் வாரத்தில். அதன் பின் ஒன்றும் இல்லை.

குட்டி இன்னும் மகளின் பழைய படிப்பறையில் தனியாகத்தான் இருக்கிறது, மாசி முடியும் வரை அங்கேயே இருக்கும். பூனையும் மீன்களும் நலம்.

நேற்றுக் காலை பெரிய பாம்பு சட்டை உரித்திருந்தது. தயிர்ச் சட்டியின் வாசலில் ஒரே துண்டாக, இரண்டு கண்மூடிகளும் சேர்ந்தே கிடந்தது. மகன் அதை வெள்ளைக் காகிதத்தின்மேல் விரித்து, தலையிலிருந்து வால் வரை உருப்பெருக்கியால் அரை மணி நேரம் பார்த்தான். ஒரு புள்ளியும் இல்லை.